ஒரு ஆள் தள்ளி

உயிரே போனாலும் ராசுவைக் கோயிலில் வெட்டக் கொடுப்பதில்லை என்று மாயகிருஷ்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சபதம் எடுத்தான். போகிற உயிர் ராசுவுடையது என்பதால் சபதம் எடுப்பதில் அவனுக்கு அப்படியொன்றும் சிரமம் இல்லை.

ராசு என்பது கிடா. கோவில்பட்டியில் பிறந்த பாவத்துக்குக் கடலைமிட்டாய் தின்று வளர்ந்த கிடா. அகத்திக்கீரையை நீட்டினால், 'இதையெல்லாம் ஆடு திங்கும்' என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போன மாதம் ஒரு மாறுதலுக்காக யோகலட்சுமியின் கல்யாணப் பட்டில் முந்தியை மட்டும் மென்றுவிட்டது.

"வாயில்லாச் சீவன், தெரியாமத் தின்னுட்டு" என்றான் மாயகிருஷ்ணன்.

"வாயில்லாமலா ஒரு முழத்தைத் தின்னுது?" என்றாள் யோகலட்சுமி. கிடாவின் விதி அன்றைக்கே முடிந்துவிட்டது. புருஷனுக்குத்தான் தெரியாது.

மாயகிருஷ்ணன் பெருமைப்பட்டுக்கொள்ள உலகத்தில் மூன்றுதான் உண்டு. ஒன்று ராசு. இன்னொன்று முறுக்கிவிட்ட மீசை. அப்புறம் வீட்டு முன்னறையில் நடத்திய வீடியோ கடை. 'கண் பொய் சொல்லும், எங்கள் வீடியோ சொல்லாது' என்று பலகை எழுதி மாட்டியிருந்தான். கேசட் போய் சி.டி. வந்து, கம்ப்யூட்டரில் படத்தை வெட்டி ஒட்டத் தொடங்கியிருந்த காலம் அது.

அவன் தெரு அம்மன் கோயிலில் ஒரு வழக்கம். கொடைத் திருவிழா முடிகிற அன்று, அடுத்த கொடைக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் வரிசையாக வந்து சாமி முன்னால் நிற்க வேண்டும். பேரை மட்டும் சொல்லக்கூடாது. ஆத்தாளுக்கு முகம் தெரியும், பேர் எதற்கு? வீட்டாள் யாராவது மைக்செட் ஜான்பீட்டர் காதில் நேர்ச்சையைச் சொல்ல, அவர், "இந்த முகத்துக்காரர் நேர்ச்சை, இன்னது!" என்று மைக்கில் முழங்குவார். கொட்டும் குலவையும் சேர்ந்து கிளம்புகிற சத்தத்தில் அது ஒருத்தர் காதிலும் விழாது. பிறகு வருஷம் பூராவும் 'நானா சொன்னேன்?' என்று சண்டைதான்.

கோயில் தலைவர் மாரிராஜ் இந்தத் தடவை சட்டம் போட்டுவிட்டார். "மாயகிருஷ்ணன் சி.டி.ல எப்படி இருக்கோ அப்படி. மேப்பேச்சு கிடையாது."

கேமராவில் முகம் இருக்கும், ஆனால் சத்தம் என்று பார்த்தால் வெறும் கொட்டுதான். ஜான்பீட்டரின் டேப்பில் குரல் மட்டும் கணீரென்று இருக்கும். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்று சேர்ப்பதுதான் மாயகிருஷ்ணனின் வித்தை. அதற்காக ஆரம்பத்திலேயே கேமரா முன்னால், மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஓங்கி ஒரு கை தட்டிக்கொள்வான். படத்தில் கை சேருகிற இடத்தில் டேப்பின் 'டப்'பைக் கொண்டுபோய் வைத்தால், பின்னால் வருவதெல்லாம் தானாகச் சேர்ந்துவிடும்.

சேர்த்தான். ஓட்டினான். வரிசையில் முதலில் நின்ற வள்ளித்தாய்க்கு, "கோலப்பொடி!" என்றது குரல். பிறகு பக்கத்து வீட்டுத் தையல்காரன் செல்வகணேஷ் வந்து கைகூப்பி நின்றான். "மாவிலைத் தோரணம்!" என்றது குரல். அடுத்து மாயகிருஷ்ணனே நின்றான், கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டுவிட்டு, மீசையை நீவிக்கொண்டு. ஊதுபத்தி ஒரு கட்டு என்றுதான் யோகலட்சுமியிடம் சொல்லி அனுப்பியிருந்தான்.

"இந்த முகத்துக்காரர் நேர்ச்சை, கிடா ஒன்று!"

படத்தில் சிரித்துக்கொண்டிருந்த மாயகிருஷ்ணனைப் பார்த்து நாற்காலியில் இருந்த மாயகிருஷ்ணன் இன்னொருதரம் ஓட்டிக் கேட்டான். அதே கிடாதான். பெண்டாட்டி கவிழ்த்துவிட்டாள். அவனுக்கு அடுத்து, வரிசையில் கடைசி ஆளாக நின்றவன் மச்சினன், யோகலட்சுமியின் அண்ணன் தங்கப்பாண்டியன். இடைசெவலில் கிடை போட்டு ஆடு வளர்ப்பவன். அவனும் பெண்டாட்டியை நம்பியவன்தான். "மீசை உட்பட மொட்டை, அக்கினிச்சட்டி!" என்றது குரல்.

அங்கேதான் மாயகிருஷ்ணனுக்கு மூளை வேலை செய்தது. குரலை மட்டும் ஒரு ஆள் பின்னால் தள்ளி வைத்தால்? தோரணம் தன் முகத்துக்கு வரும். கிடா மச்சினன் முகத்துக்குப் போகும். அவன் வீட்டில் கிடாவுக்கா பஞ்சம்? மொட்டை வருவதற்குள் படம் முடிந்துவிடும். மச்சினன் மீசையைக் காப்பாற்றிய புண்ணியமும் சேரும். மவுஸைப் பிடித்து இழுத்தான். முடிந்தது.

தேத்தண்ணியோடு யோகலட்சுமி வந்தாள்.

"என்னங்க, படத்துல கையத் தட்டுதீங்க, சத்தத்தக் காணுமே?"

"வரும், வரும்."

கொஞ்சம் பொறுத்து 'டப்' என்றது.

"கை எப்பமோ தட்டியாச்சு. சத்தம் இப்பம்லா வருது?"

"அது சயின்ஸுட்டி. மின்னல் முதல்ல தெரியும், இடி பொறவுதான கேக்கும்?"

"வானத்துல சரி. நம்ம வீட்டுக்குள்ளயுமா?"

"கம்ப்யூட்டருக்குள்ள வானம் மாதிரி எடம் கிடக்கு. ஒனக்குச் சொன்னா வெளங்காது."

"இந்தக் கோட்டப் புடிச்சுதான் இழுப்பீயளோ?"

வித்தை தெரிந்தவனுக்கு அதைக் காட்டாமல் இருக்க முடியாதே. "இங்கன பாரு. இந்தப் பக்கம் இழுத்தா சத்தம் பிந்தும். அந்தப் பக்கம் இழுத்தா முந்தும். ஒரு துண்டை மட்டும் வெட்டி வேற எடத்துல போடணும்னா இப்படி."

"அய்யோ, எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள் யோகலட்சுமி.

பெண்டாட்டி புரியவில்லை என்று சொன்னால் கல்யாணமானவன் உஷாராகிவிட வேண்டும். மாயகிருஷ்ணன் ராசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனான். திரும்பி வந்து சி.டி.யில் ஏற்றினான். ஒருதரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பொழுதடைய, கோயில் முன்னால் டி.வி.யை வைத்துத் தெருவே உட்கார்ந்தது. மாயகிருஷ்ணன் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தான். தெருவின் சலசலப்பு அடங்குவதற்குள் வள்ளித்தாயின் முறை ஓடிப்போயிருந்தது. செல்வகணேஷின் முகம் வந்தது.

"இந்த முகத்துக்காரர் நேர்ச்சை, கிடா ஒன்று!"

செல்வகணேஷ் துள்ளி எழுந்தான். "நான் மாவிலைன்னுல்லா சொன்னேன்!"

மாயகிருஷ்ணனின் கால் தானாகக் கீழே இறங்கியது. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. எங்கே என்று அவன் கண்டுபிடிப்பதற்குள் அவனுடைய முகமே திரையில் வந்து மீசையை நீவியது.

"மீசை உட்பட மொட்டை, அக்கினிச்சட்டி!"

தெரு முழுக்கக் குலவை போட்டது. கடைசியாக வந்த தங்கப்பாண்டியனுக்கு, வரிசையில் முதலில் நின்ற வள்ளித்தாயின் கோலப்பொடி எப்படியோ வந்து விழுந்தது. அவன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஆத்தாளைக் கும்பிட்டான். யோகலட்சுமி அண்ணனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"இது அநியாயம்! குரல் மாறிக் கிடக்கு!" என்று செல்வகணேஷ் கத்தினான்.

மாரிராஜ் திரும்பினார். "ஏலே மாயகிருஷ்ணா, நீயே சொல்லு. ஒன் வீடியோ பொய் சொல்லுமா?"

மாயகிருஷ்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டான். பொய் என்றால் சரியானதை ஓட்டச் சொல்வார்கள். சரியானதில் கிடா அவன் தலையில் நிற்கிறது. நிஜம் என்றால் மீசை போய்விடும். மீசை முளைக்கும், ராசு முளைக்குமா? கண்ணில் தண்ணீர் முட்ட, அவன் தன் வாழ்க்கையிலேயே பெரிய தியாகத்தைச் செய்தான்.

"சொல்லாது அண்ணாச்சி."

"அப்படிப் போடு!" என்றார் மாரிராஜ்.

செல்வகணேஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "தையல் மிசினத் தவிர எங்கிட்ட என்ன இருக்கு? கிடாவுக்கு நான் எங்க போவேன்?"

"எதுக்கு அண்ணாச்சி கலங்குதீங்க?" என்று எழுந்தாள் யோகலட்சுமி. "எங்க வீட்டுல ஒண்ணு சும்மாதான நிக்கி. அதை ஓட்டிக்கிட்டுப் போங்க. பதிலுக்கு என் கல்யாணப் பட்டுக்கு ஒரு முந்தி மட்டும் வச்சுத் தச்சுத் தந்துருங்க. ஆத்தா காரியம், அவிய வேண்டாம்னா சொல்லப் போறாவ? என்னங்க?"

தெருவே மாயகிருஷ்ணனைப் பார்த்தது. ஆத்தாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் செல்வகணேஷ் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அடுத்த கொடையும் வந்தது. மாயகிருஷ்ணன் மழுங்கச் சிரைத்த மண்டையும் மொழுக்கென்ற மேலுதடுமாக, வேப்பிலைக்கு நடுவில் தீ எரியும் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். மாலை போட்ட ராசு செல்வகணேஷோடு வந்தது. "ராசு!" என்று ஆசையாகக் கூப்பிட்டான். அது மீசையில்லாத முகத்தை யாரோ என்று பார்த்துவிட்டு, மாலையில் ஒரு பூவைக் கடித்துக்கொண்டு போய்விட்டது.

அவனுக்கு நேர் எதிரே முந்தி புதுசாகத் தைத்த பட்டைக் கட்டிக்கொண்டு, ஸ்டாண்டில் நின்ற கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்தாள் யோகலட்சுமி.

"என்னங்க, இங்கன பாத்து ஓங்கி ஒரு கை தட்டுங்க. சத்தத்தச் சேத்துப் போடணும்லா!"