உள்ளுக்கு இருந்து படித்த உள்வாரி சேர்

நேர்முகத் தேர்வில் முழு உண்மையையும் சொல்லி, அதனாலேயே பல்கலைக்கழகத்தில் வேலை பெற்ற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் உள்வாரி சேர். மறுக்கிறவர்கள் கல்முனைக்கு வந்து என்னோடு வாதாடலாம். தேத்தண்ணி அவர்கள் செலவு.

எங்கள் நாட்டில் பட்டதாரிகள் இரண்டு வகை. கம்பஸுக்குள் இருந்து படித்தவர் உள்வாரி. வெளியே இருந்து படித்துப் பரீட்சை மட்டும் எழுதியவர் வெளிவாரி. உள்வாரிக்காரருக்கு வெளிவாரிக்காரரைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். எங்கள் பீடத்துக்குத் தலைவரான பீடாதிபதிக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே.

அன்றைக்கு அரசியல் விஞ்ஞானத்துக்குத் தற்காலிக விரிவுரையாளர் எடுக்கிறார்கள். அங்கேயே படிப்பிக்கிற நான் மூலையில் குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறேன். நரைத்த தாடியோடு அட்டாளைச்சேனைக்காரர் ஒருவர் வந்து, உட்காரச் சொல்லும்வரை சுவரோரமாக நின்றார்.

"நீங்க உள்வாரியா, வெளிவாரியா?" என்று பீடாதிபதி கேட்டார்.

மனிதர் யோசித்தார். "உள்ளுக்கு இருந்துதான் சேர் படிச்ச."

"எத்தின வருஷம் இரிந்த?"

"பன்னெண்டு வருஷம் சேர்."

"என்ன, ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சேர், தண்டனை."

பீடாதிபதி மேசையில் தட்டிச் சிரித்தார். "எங்களுக்கும் அப்பிடித்தான் இரிந்த. சாப்பாடு எப்பிடி?"

"மோசம் சேர். சோத்துல கல்லு. வெளிய போகவும் விடமாட்டாங்க."

"அதே ஹொஸ்டல்தான்," என்றார் பீடாதிபதி, கண் கலங்க. பகல் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் சான்றிதழை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. மனிதருக்கு வேலை கிடைத்தது.

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அவரோடு ஒரே அறை. என்னை அல்லாஹ்தான் காப்பாற்றினான். கதவைச் சாத்த விடமாட்டார். கடற்காற்று அடித்துப் பிள்ளைகளின் விடைத்தாள்கள் நூலகம் வரைக்கும் போய்விடும். பியோன் கதவுகளின் திறப்புக்கொத்தைக் கிலுக்கிக்கொண்டு நடந்தால் இவர் விறைத்து எழும்பி நிற்பார். மரியாதை தனக்குத்தான் என்று நினைத்து, பியோன் ஒரு நாளைக்கு நாலு தரம் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினான். ஒருநாள் பீடாதிபதியின் கூட்டத்தில் இவர் கை உயர்த்தி, "சேர், ஒண்டுக்குப் போகட்டா?" என்று கேட்டார். பீடாதிபதி திகைத்துப்போய், "போங்க" என்றார். இவர் போகவில்லை. கூட ஒரு ஆள் வருவார் என்று காத்துக்கொண்டு நின்றார்.

ஆனால் படிப்பிக்கத் தொடங்கினால் மாணவர்கள் ஜன்னலிலும் தொங்குவார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

குட்டு எப்படி உடைந்தது என்றால், புதிதாக வந்த இங்கிலிஷ் மெடம் தேநீர் வேளையில் சும்மா கேட்டுவிட்டார். "சேர், நீங்க எந்த ஹொஸ்டல்?"

"முதல்ல ரிமாண்ட். பொறகு பெரிய ஜெயில்."

மெடத்துக்குத் தேநீர் மூக்கால் வந்தது.

விசயம் சின்னதில்லை. இளவயதில் இயக்கம், புரட்சி என்று திரிந்தவர், முதலாளிமார் நெல்லைப் பதுக்குகிறார்கள் என்று ஒரு நெல் ஸ்டோருக்குப் பெட்ரோல் குண்டு எறிந்திருக்கிறார். முதலாளி கொழும்பில் நித்திரை. உள்ளே காவலுக்குப் படுத்திருந்த ஏழை வாச்சருக்கு ஒரு கால் போய்விட்டது. ஜெயிலுக்குள் இருந்து படித்து எடுத்ததுதான் அந்தப் பட்டம், அதுவும் வெளிவாரி. பீடாதிபதிக்குக் குண்டைவிட இந்த வெளிவாரிதான் பெரிய அடி. மாணவர்களோ அன்றைக்கே 'உள்வாரி சேர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, ஆளை அனுப்புவதா என்று கூட்டம் போட்டார்கள். அனுப்பினால் அந்த வயதில் அவரை வேறு யாரும் எடுக்கப்போவதில்லை. "குண்டெறிஞ்சவன் பிள்ளையளுக்கு என்னத்தப் படிப்பிப்பான்?" என்றது ஒரு பக்கம். "தண்டனைய முடிச்சவனுக்கு இன்னும் என்ன தண்டனை?" என்றது மறு பக்கம். "மறைச்சிட்டீங்களே" என்று பீடாதிபதி பாய்ந்தார். "உள்ளுக்கு இருந்த எண்டு சொன்னேனே சேர்," என்றார் இவர். என் குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது. கடைசியில் ஒருவர், கால் போன மனிதரையே கேட்போம் என்றார்.

அண்ணன் முறைக்கு ஊரே காக்கா என்று கூப்பிடும் அந்த வாச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். கொடுத்த கேக்கை ஆறுதலாகத் தின்றார். உள்வாரி சேர் வழக்கம்போல சுவரோரம் நின்றார், முகத்தில் இரத்தமே இல்லை.

"காக்கா, இவர் இங்க படிப்பிக்கலாமா?" என்று பீடாதிபதி கேட்டார்.

"நான் இவனுக்கு மாப்புக் குடுக்கல்ல," என்றார் காக்கா. மன்னிப்பில்லை என்றதும், அனுப்பச் சொன்ன பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "வெளிய வந்த நாளில இருந்து பெருநாளைக்குப் பெருநாள் வாறான். மாப்புக் கேக்கான். இல்ல, போ எண்டுவன். போகமாட்டான், இருந்து திண்டுட்டுத்தான் போவான். என்ட மக்கள் எல்லாம் கட்டார்ல. இவன நீங்க நிப்பாட்டினா கொழும்புக்குக் கிழும்புக்குப் போயிருவான். பொறகு பெருநாளைக்கு என்னத் தேடி ஆரு வாற? நான் மாப்புக் குடுக்கிற வரைக்கும் இவன் இங்கதான் இரிக்கோணும். என்ட காலுக்கு அந்த உரிமையாவது இரிக்கா, இல்லையா?"

பீடாதிபதி மெல்லக் கேட்டார். "அப்ப மாப்பு எப்ப குடுப்பீங்க?"

"பென்ஷன் எடுக்கட்டும், பாப்பம்."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தற்காலிகத்துக்குப் பென்ஷன் கிடையாது என்று காக்காவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம்.

போன பெருநாளைக்கு நானும் கூடப் போனேன். உள்வாரி சேர் வாசலில் நின்று, குரல் நடுங்கக் கேட்டார். அத்தனை வருசம் கேட்டும் அந்த நடுக்கம் போகவில்லை. "இல்ல," என்றார் காக்கா. "அடுத்த பெருநாளைக்கு வா. இப்ப உள்ளுக்கு வந்து வட்டிலப்பத்தத் தின்னு." அந்த இனிப்பில் இருக்கிறதில் பெரிய துண்டு இவருக்குத்தான் வந்தது.

திரும்பும் வழியில் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து, "இந்த முறையும் இல்லையாம் சேர்," என்றார், சந்தோசமாக.

அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு, இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுளைக் கொடு என்று துஆக் கேட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஆயுள் என்றதுமே தீர்ப்பு வாசிக்கிறார்கள் என்று எழும்பி நின்றுவிடுவார்.