புளி போட்டுத் தேய்த்த லாரி

ஹேமநாதன் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பிரேக் பிடித்தது. ஆனால் சும்மா ஊன்றியிருந்த இடது கால், தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கி, பருத்திப்பட்டுத் தெருவின் தார் ரோட்டில் போய் நின்றது.

மினி லாரியை வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பின்தெரு தெரசா வீட்டு வண்டி. காசிமேட்டிலிருந்து ஐஸும் உப்புத் தண்ணீரும் சொட்டச் சொட்ட மீன் ஏற்றி வந்த வண்டி. தெரசா சொன்ன விலையில் ஹேமநாதன் பாதி கேட்டார். அவள் உடனே சாவியைக் கையில் வைத்துவிட்டாள். கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் தருகிறவளிடம் பூசணிக்காய்கூட வாங்கக் கூடாது என்பது சந்தையின் பாலபாடம். ஹேமநாதன் சந்தைக்குப் போனவர் இல்லை.

அவர் போனதெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத்தான். அங்கே குவாலிட்டி செக்கிங். தேறாத சரக்கைத் தள்ளிவைப்பது வேலை. தை மாதம் ரிட்டையர் ஆனார். அதற்குப் பிறகு தள்ளிவைப்பதற்கு மனைவி சாவித்திரி சுட்ட தோசைகள்தான் கிடைத்தன. இந்த லாரியைத் தேற்றி, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் வாங்கி, ரோட்டில் ஓட்டிக் காட்டிவிட்டால், தானும் இன்னும் தேறுகிற சரக்குதான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சாவித்திரி வந்து குனிந்து ஓட்டையைப் பார்த்தாள்.

"காத்தோட்டமா இருக்குங்க" என்றாள்.

மறுநாள் உப்புத்தாள் வாங்கி வந்து கதவில் இருந்த பொட்டளவு துருவைத் தேய்த்தார். பொட்டு, அப்பளம் ஆயிற்று. அப்பளம், தாம்பாளம் ஆயிற்று. பெயின்டுக்கு அடியில் துரு, அந்தத் துருவுக்கு அடியில் இன்னொரு பெயின்ட், அதற்கும் அடியில் அதைவிட மூத்த துரு. மஞ்சளும் செங்கல் நிறமும் காபித்தூள் நிறமுமாக அடுக்கடுக்காக விரிந்ததைப் பார்த்து, உப்புத்தாளைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால், கூரையின் பொடி ஓட்டைகள் வழியே பட்டப்பகலில் நட்சத்திரங்கள் தெரிந்தன. கோடம்பாக்கத்தில் செட் போட்டாலும் அப்படி வராது.

இருந்தாலும் மனிதர் விடவில்லை. காலையில் தெருமுனையில் நின்ற வண்டிக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு. ஆடி பிறப்பதற்குள் ஒரு பக்கம் முழுக்கச் சுத்தமாகிவிட்டது. பார்க்க வந்த சாவித்திரிக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிடுமா?"

"இன்னும் பத்தே நாள்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளியும் கல் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று இருக்குமே என்றாள். சொன்னதோடு நில்லாமல், ஒரு வாளி நிறையத் தானே கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். லாரி மின்னியது. ஹேமநாதன் அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். கழுவலாமா என்று கேட்டதற்கு, ஊறட்டும் என்று சொல்லிவிட்டாள்.

விடிந்தபோது வண்டி முழுவதும் குங்குமம் கொட்டியது போல் துரு பூத்திருந்தது. கதவருகே தெருமாடு ஒன்று உப்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தது. நக்கியது, நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அதன் நாக்கு கதவின் மறுபக்கம் வந்து சீட்டைத் தொட்டது. தெருவே கூடிவிட்டது. இரும்பை நாக்கால் துளைத்த பிராணியை விரட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஹேமநாதன் உடைந்துபோனார். வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, இனி வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தன்மேல் இவளுக்கு இத்தனை நம்பிக்கையா என்று நெகிழ்ந்து, அவரே கரண்டியை எடுத்துக் கொடுத்தார். அன்று மத்தியானமே சாவித்திரி திருமுல்லைவாயில் வரை போய், டிங்கர் வேலை செய்கிற பூங்காவனத்தைக் கையோடு அழைத்து வந்தாள்.

பூங்காவனம் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பம்பர் கழன்று விழுந்தது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னா சார் இது. வண்டில துரு கீதுன்னு நெனச்சேன். துருல கொஞ்சம் வண்டி கீது."

ஒட்டுப் போட்ட இடம் நின்றது. பக்கத்து இடம் உதிர்ந்தது. அதற்கு ஒட்டுப் போட்டால் அதற்கடுத்தது. பூங்காவனம் பற்றவைக்க, ஹேமநாதன் பிடித்துக்கொள்ள, ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் போயின. சாப்பாடு தூக்கில் வந்தது. மாலை டீ ஃபிளாஸ்க்கில் வந்தது. வீடு வரைக்கும் எதற்கு வீணாக நடக்கிறீர்கள் என்பாள் சாவித்திரி. இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று பூங்காவனமே பெருமூச்சு விட்டார்.

ஐப்பசியில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சுற்றிவந்தார், படுத்துப் பார்த்தார், எழுந்து ஹேமநாதனுக்குக் கை கொடுத்தார். எஃப்.சி. கிடைத்துவிட்டது.

நீல பெயின்டில் லாரி தெருவுக்குள் நுழைந்தபோது மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மாட்டைக் கும்பிட்ட அதே மனிதர் இப்போது லாரியைக் கும்பிட்டார். சாவித்திரி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தாள். ஹேமநாதன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"எல்லாம் உன்னாலதான் சாவித்திரி. வண்டிக்கு டிரைவர் போட்டாச்சு. நாளையிலிருந்து முழுநேரமும் உன்கூட வீட்லதான். முதல்ல அந்த அடுக்களையை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரணும்."

எலுமிச்சம்பழம் உருண்டு சாக்கடையில் விழுந்தது. ஆனந்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஹேமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, மூச்சிரைக்க ஓடிவந்த தெரசா, லாரிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் சாவித்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ சொல்லிவச்ச மாதிரியே ஆவடில இன்னொரு லாரி மாட்டிக்கிச்சு. இத்தவிடத் துரு ஜாஸ்தி, அண்ணன் ரெண்டு வருசத்துக்கு ஊட்டுப் பக்கமே வரமாட்டாரு."