அசையாமல் உட்கார்ந்த வாத்தியார்

ஜாடி உடைந்த சத்தம் அடங்குவதற்குள் தலைமையாசிரியை வாசலில் நின்றார்.

"வாத்தியாரே, இது ஓவிய வகுப்பா, சந்தையா?"

"ஜாடியை வரையச் சொன்னேன் மேடம். எந்தப் பக்கம் அழகுன்னு திருப்பிப் பார்த்தாங்க. ஆளுக்கொரு பக்கம் திருப்பிட்டாங்க."

"காலையிலேருந்து கூட்டம் கூட்டம்னு எனக்குத் தலை வெடிக்குது. கொஞ்ச நேரத்துல திரும்பி வருவேன். இதே இரைச்சல் கேட்டுதுன்னா, நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

இன்று ஒரு நாள் வகுப்பெடுத்துக் காட்டினால்தான் வேலை. இல்லாவிட்டால் மறுபடி மைத்துனரின் மளிகைக் கடைதான். அங்கே வருஷக்கணக்கில் தராசு பிடித்தவர் வாத்தியார். பொட்டலத் தாளில் குதிரை வரைவார். பிறகு அதைப் பிரிய மனமில்லாமல் சரக்கை வேறு தாளில் கொட்டிக் கட்டுவார்.

"நிஜக் குதிரை வளர்த்தாக்கூட இவ்வளவு ஆகாது மாப்ளே!" என்பார் மைத்துனர்.

என்ன செய்வது? சின்ன வயதிலிருந்தே, மூட்டைமேல் விழும் வெயில்கூட அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடும்.

ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது.

"அதை வரைங்க!"

புறா பறந்தது. பாதி வகுப்பு ஜன்னலுக்கு ஓடியது.

"சரி, சரி! பக்கத்துல இருக்கறவங்க முகத்தை வரைங்க."

இதற்குப் புறாவே தேவலை.

"சார், இவன் என் மூக்கை எவ்ளோ பெருசாப் போட்டிருக்கான் பாருங்க!" என்று முதல் பெஞ்சுக்காரி கத்தினாள்.

"உள்ளதைத்தானே போட்டேன்!" என்றான் பக்கத்துப் பையன்.

"கொஞ்சம் குறைச்சுப் போடுப்பா" என்று வாத்தியார் பேரம் பேசினார்.

"அவ என் காதைக் குறைக்கட்டும் சார், நானும் குறைக்கிறேன்."

வாத்தியார் நாற்காலியை நடுவே இழுத்துப் போட்டார்.

"என்னையே வரைங்க. நான் அசைய மாட்டேன், நீங்க சத்தம் போடக் கூடாது. சம்மதமா?"

"சிரிக்கவும் கூடாது சார்."

"சிரிக்கல."

உட்கார்ந்தார். பென்சில்கள் தாளில் உரசும் ஒலி தூரத்து மழைபோல் கேட்டது. மத்தியான வெயில் இமைமேல் தங்க வண்ணம் பூசியது. பொட்டலத் தாள்களிலிருந்து குதிரைகள் ஒவ்வொன்றாக இறங்கி நீலப் புல்வெளியில் மேய்ந்தன. ஒரு குதிரையின் முதுகில் இன்னும் 'பருப்பு, அரைக் கிலோ' என்று எழுதியிருந்தது. அவர் அதன்மேல் ஏறிக்கொண்டார்.

மணி அடித்தது.

வாத்தியார் விழித்துக் கடைவாயைத் துடைத்தார். பின் பெஞ்சிலிருந்து தலைமையாசிரியை எழுந்து வந்தார். அவர் கன்னத்தின் குறுக்கே ஒரு சிவந்த கோடு. ஆகா, அளவுகோல் இல்லாமல் எவ்வளவு நேரான கோடு என்று ஒரு கணம் ரசித்துவிட்டு, மறுகணம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் வாத்தியார்.

"மேடம்... நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. கண் கொட்டாமப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். வகுப்புல மூச்சு விடற சத்தம்கூட இல்ல. நீங்களும் சிலை மாதிரி உட்கார்ந்து காட்டினீங்க பாருங்க, அதுதான் பாடம்! வேலை உங்களுக்குத்தான்."

வாத்தியாருக்கு அப்போதுதான் படங்களின் ஞாபகம் வந்தது. பெஞ்சு பெஞ்சாக ஓடித் தாள்களைப் பிடுங்கினார். எல்லாவற்றிலும் அவர் வாய் குகைபோல் திறந்திருந்தது.

"எங்கே, காட்டுங்க. வரவேற்பறையில மாட்டலாம்."

"இன்னும் காயல மேடம்."

"பென்சில்ல வரைஞ்சதுல காய என்ன இருக்கு?"

"திருத்தணும் மேடம். மூக்கெல்லாம் பெருசா இருக்கு."

"மூக்குதானே? பரவால்ல, குடுங்க."

வாத்தியார் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டார். மைத்துனரின் தராசு கண்முன் ஆடியது.

அதற்குள் முதல் பெஞ்சுக்காரி, யாரிடமும் கொடுக்காத தன் தாளோடு எழுந்து, அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், எந்தப் பக்கம் தெரியற மாதிரி மாட்டணும்? சார் தூங்கற பக்கமா, நீங்க தூங்கற பக்கமா?"