குப்புசாமி மாமாவின் ஜீப்புக்குப் பிரேக் மாற்றிய விவரம்

உ

காஞ்சிபுரம்,
ஞாயிறு காலை.

அன்பும் அடக்கமும் பொறுமையும் (மூன்றாவது இன்றைக்கு உனக்கு நிறையத் தேவைப்படும்) ஒருங்கே அமைந்த மைத்துனர் கதிர்வேலுக்கு, பஞ்சாட்சரம் எழுதிக்கொள்வது.

ஓசூரில் நீயும் தங்கை புவனேஸ்வரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அக்கா கமலவேணியும் எங்கள் மகள் மஹாலட்சுமியும் கை கால் முழுசாக இருக்கிறோம். சௌக்கியம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல் கை கால் கணக்கை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் உழைத்தவன் நான். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். முந்தாநாள் நீ பேசும்போது, "மச்சான், அப்பா திதிக்கு வெள்ளிக்கிழமை வர்றேன்பா. அப்பா வண்டிய எடுத்து வெய்யி. திதி முடிச்சிட்டு வாலாஜாபாத் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்றாய். நானும் ஆகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் நீ கேட்கும் அப்பா வண்டி இப்போது இங்கே இல்லை. விற்றுவிட்டேன் என்று நினைக்காதே. வண்டி இருக்கிறது. உன் அப்பா குப்புசாமி மாமா எழுந்து வந்து பார்த்தால் இது யார் வீட்டு ஜீப்பு என்று என்னையே கேட்பார், அவ்வளவுதான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நீ ஓசூருக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, "அப்பா வண்டி மச்சான். ஒரு நட்டுகூட மாத்தாத" என்று சொன்னாய். நான் மாற்றவில்லை. ஷெட்டில் விட்டு, பழைய கித்தானைப் போட்டு மூடி, மாதம் ஒரு தரம் கிளப்பி, தெருமுனைவரை கொண்டுபோய்த் திரும்ப மூடி வைத்தேன். மூடும்போதெல்லாம் அந்தக் காலம் ஞாபகம் வரும். மாமா ஐயம்பேட்டைத் தறிக்காரர்களுக்குப் பாவு நூல் கொண்டுபோகும்போது முன்னால் அவர், பின்னால் நீயும் நானும். அந்த வண்டிக்குப் பிரேக் என்று ஒன்று இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டு வாசலில் நிறுத்த வேண்டுமானால் பிள்ளையார் கோயிலிலேயே மிதிக்க ஆரம்பிப்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மிதித்துக்கொண்டே கியரைக் குறைத்து, "டேய், எறங்குங்கடா" என்பார். நம் தெருவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம் நாம். தேரின் வலது சக்கரம் உன்னுடையது, இடது சக்கரம் என்னுடையது. தேர்க் கட்டையில் தேய்ந்துபோன இரண்டை ஜீப்பின் பின் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தோம். நாம் இரண்டு பக்கமும் குதித்து ஓடி, கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் செருகுவோம். வண்டி முனகிக்கொண்டு நிற்கும். ஊரே அதைத்தான் குப்புசாமி பிரேக் என்று சொல்லும். இருபது வயசில் அது எவ்வளவு பெரிய சந்தோஷம், கதிர். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் பிறகு வேலை கிடைத்தபோதுகூட வரவில்லை.

போன தை மாதம் நான் நாலு நாள் பழனிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து ஷெட்டைத் திறந்தால் கித்தான் முழங்கால் உயரத்துக்கு மேலே தொங்குகிறது. கித்தான் சுருங்கிவிட்டதா என்று முதலில் நினைத்தேன். சுருங்கவில்லை, வண்டி வளர்ந்திருந்தது. உன் அக்கா மகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்கிறாள் அல்லவா, அங்கே சனி ஞாயிறில் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலை மலையாக ஏறுகிற ஒரு கூட்டம் இருக்கிறதாம். அதில் சேர்ந்துவிட்டாள். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை நாலு இன்ச் தூக்கி, முப்பத்து மூணு இன்ச் டயரைப் போட்டிருக்கிறாள். ஒரு டயர் என் இடுப்புக்கு வருகிறது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. நட்டு மாற்றாதே என்று நீ சொன்னதை நான் அவளிடம் சொல்லி அழாத குறை. அவள், "நட்டு அதேதான்ப்பா, மத்ததுதான் மாத்துனேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றா இரண்டா. உன் அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதில் ஏற முடியவில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு, நான் பின்னால் முட்டுக் கொடுத்து, மகள் மேலிருந்து இழுத்து ஏற்றினோம். ஒரு கல்யாணத்துக்குப் போனோம். போன பிறகுதான் தெரிந்தது, முக்காலி வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. மண்டப வாசலில் உன் அக்கா அரை மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அம்மன் புறப்பாடு என்று நினைத்தார்களோ என்னவோ. பந்தியிலிருந்து நாற்காலி வந்து இறங்கியவள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

பேசாமல் இருந்ததுகூடப் பரவாயில்லை, மறுநாள் ரயில்வே கேட்டில் நடந்ததுதான் பெரிசு. மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில். கேட் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மிதிக்கிறாள், மிதிக்கிறாள், வண்டி வேகம் குறைகிறதே தவிர நிற்கிற உத்தேசமே இல்லை. நடை வேகத்தில் தண்டவாளத்தை நோக்கிப் போகிறது. எனக்கு என்ன தோன்றும் சொல். நாற்பது வருஷப் பழக்கம். சீட்டுக்கு அடியில் கையை விட்டேன், கட்டை இருந்தது. குதித்தேன் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு உயரத்திலிருந்து வழுக்கி இறங்கினேன். வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நாலு எட்டு ஓடி, இடது சக்கரத்துக்கு முன்னால் நூல் பிசகாமல் செருகினேன். தேராயிருந்தால் அந்த இடத்தில் நின்றிருக்கும், நீ பார்த்திருந்தால் கை தட்டியிருப்பாய். வண்டி என்ன செய்தது தெரியுமா. கட்டை மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, போய்க்கொண்டே இருந்தது. மகள் கைப்பிரேக்கை இழுத்து, ஓரமாக ஒடித்து, கேட் ஓரம் கடை போட்டிருக்கும் பட்டம்மாளின் இளநீர்க் குவியலில் கொண்டுபோய் நிறுத்தினாள். கேட்டுக்கும் வண்டிக்கும் ஒரு முழம். நான் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், அவள் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்: "அப்பா, அந்த டயரு கட்டை கல்லு எல்லாத்தையும் ஏறிப் போறதுக்குன்னே செஞ்சதுப்பா." பட்டம்மாள் உருண்ட காய்களைப் பொறுக்கிக்கொண்டே, "தேர நிறுத்தறவரு ஜீப்ப நிறுத்தத் தெரியாம ஓடறியேய்யா" என்றாள். எனக்கு வயசாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டியை அப்படியே அப்துல் சத்தார் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். அவர் வாப்பாதான் மாமா காலத்தில் இதைப் பார்த்தவர். சத்தார் பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து என்னைத்தான் முறைத்தார். "இன்னாண்ணே இது. குட்டி டம்ளரு சுத்தும்போது கையால புடிச்சா நிக்கும். அண்டா சுத்திக்கினு இருந்தா அதே கையால புடிப்பியா? சக்கரத்த அண்டா ஆக்கிட்டு பிரேக்க மட்டும் டம்ளர் கைக்கு உட்டுருக்கீங்க" என்றார். அதோடு விடவில்லை. வண்டியைத் தூக்கியவர்கள் பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயை அதே நீளத்தில் விட்டிருக்கிறார்கள். "பள்ளத்துல சக்கரம் தொங்குனா ஓஸ் இழுத்துக்கினு அந்துபூடும். அப்பால மெரிச்சா பெடலு தரையில போயி உக்காரும். மலைமேல இருந்தா நீங்களும் கீழ போயி உக்காருவீங்க" என்றார். மகள் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஏலகிரிக்குப் போவதாக இருந்தாள்.

அன்றைக்கு நான் முடிவெடுத்தேன், கதிர். உன் வார்த்தையா என் பெண்ணா என்று வந்துவிட்டது. முன் சக்கரத்துக்கு டிஸ்க், பெரிய சிலிண்டர், காலுக்குப் பலம் கொடுக்க பூஸ்டர், நீளமான குழாய், எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். சத்தார் பாய் மாமாவின் பழைய டிரம்மைக் கழற்றித் தரையில் வைத்தார். நான் ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். பெடலையும் மாற்ற வேண்டும் என்றார். பார்த்தேன், பெடலின் வலது ஓரம் மட்டும் வழுவழு என்று தேய்ந்திருக்கிறது. மாமா எப்போதும் காலைச் சாய்த்துத்தான் மிதிப்பார். எத்தனை ஆயிரம் தரம் பிள்ளையார் கோயிலிலிருந்து வீடுவரை மிதித்திருப்பார். அதை மட்டும் மாற்ற விடமாட்டேன் என்று நின்றேன். சத்தார் பாய் அதையே வெட்டி ஒட்டி மாட்டிக் கொடுத்தார். உன் அப்பா வண்டியில் நான் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. முதல் நாள் உன் அக்கா மடியில் ஒரு சொம்பு தயிரோடு முன்னால் உட்கார்ந்தாள். நான் பழைய பழக்கத்தில் பிள்ளையார் கோயிலிலேயே ஓங்கி மிதித்தேன். வண்டி பிள்ளையார் கோயிலிலேயே நின்றது. தயிர் நிற்கவில்லை. பின் சக்கரம் முதலில் பிடித்துக்கொண்டு, வண்டி வாலைத் திருப்பி வந்த வழியையே பார்த்தது. அதற்கு ஒரு வால்வு போட்டு முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுத்தார் பாய். பிறகு, புது டிஸ்க்கு பழக வேண்டும், அறுபதில் போய்ப் பத்துக்குக் குறைக்க வேண்டும், ஆனால் முழுதாக நிற்கக் கூடாது, இப்படி இருபது தரம் என்றார். வாலாஜாபாத் ரோட்டில் நானே செய்தேன். ஐயம்பேட்டை ஸ்டாப்பில் நான் வேகத்தைக் குறைத்ததும் கூட்டம் ஷேர் ஆட்டோ என்று நினைத்து ஓடி வந்தது. கிட்டே வந்ததும் நான் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து மறுபடி குறைத்தேன், மறுபடி ஓடி வந்தார்கள். மூன்றாம் தரம் பூவம்மாள் என்று ஒரு கூடைக்காரி மட்டும்தான் ஓடி வந்தாள். "ஏன்யா, ஏத்தறதுன்னா ஏத்து, இல்லாங்காட்டி போயிக்கினே இரு" என்றாள். பிரேக்கைப் பழக்குகிறேன் அம்மா என்றேன். "பிரேக்க பழக்குய்யா, எங்கள ஏன் பழக்கற" என்றாள். நியாயமான கேள்விதான். முழுதாக நிற்கக் கூடாது என்பதை மறந்து நிறுத்தி, அவளை வாலாஜாபாத் வரை ஏற்றிக்கொண்டு போனேன். இறங்க முக்காலி இல்லை, அது தனிக் கதை.

இப்போது வண்டி நிற்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தில், ஒரே மிதியில். ஆனால் மாமாவுடைய சத்தம் இல்லை, அந்த முனகல் இல்லை, குதிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை நீ வந்து பார்த்தால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாய். அதுதான் பயம். எனக்கு இந்த ஊரில் சொந்தக்காரர்கள் நிறைய, சிநேகிதன் நீ ஒருத்தன்தான். நான் உன் வார்த்தையைக் காப்பாற்றவில்லை, கதிர். மன்னித்துக்கொள். மன்னிக்க முடியாவிட்டாலும் திதிக்கு வா, வண்டியைப் பார்க்காமல் பின்பக்கமாக வீட்டுக்குள் வந்துவிடு.

தங்கை புவனேஸ்வரிக்கு எங்கள் ஆசி. உன் முழங்கால் வலிக்கு உன் அக்கா தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். ஏகாம்பரநாதர் துணையிருப்பார்.

இப்படிக்கு,
வார்த்தை தவறிய மைத்துனன்,
பஞ்சாட்சரம்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத அனுப்பாத, மானம் போயிடும். டயரு வாங்கிக் குடுத்ததே அவன்தான்" என்றாள். மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமாதான்ப்பா ஓசூர்லருந்து லாரில போட்டு அனுப்புனாரு. உங்கப்பங்கிட்ட சொல்லாத, துணி போட்டு மூடியே அந்த வண்டிய சாவடிச்சிடுவான்னாரு" என்றாள். நீ சாவி கொடுக்கும்போது சொன்னதை எடுத்துச் சொன்னேன். "அதையும் கேட்டேன்ப்பா. அப்டி சொன்னதா மாமாவுக்கு ஞாபகமே இல்லியாம்" என்றாள். ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பு அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கையெழுத்துக்கு மேலே உள்ள பட்டத்தை உனக்கே மாற்றித் தருகிறேன். ஆனாலும் கடிதத்தை அனுப்புகிறேன், உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும் அல்லவா. அது மாமாவின் கருமாதி அன்று சாயங்காலம், நீ ஓசூருக்குக் கிளம்புகிற நேரம். சாவியை என் கையில் வைத்து மூடிவிட்டு நீ அழுதாய். அதற்கு முன்னாலும் பின்னாலும் நீ அழுது நான் பார்த்ததில்லை. நீ மறந்துவிட்டாய், நல்லது. நான் மறக்கவில்லை, அதனால்தான் பதினொரு வருஷம் அந்த வண்டியை யாரையும் தொட விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வா.