மால்டாவில் மாரிமுத்து

பதுளை மண் கண்ட ஓவியர்களிலேயே படுமோசமானவர் மால்டா மாஸ்டர்தான். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பஸார் வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் பங்களாவில் விட்டுப்போன ஓவியம் அவர் கையில் சிக்கியது. ஊர் ஊராகத் திரிந்த வெள்ளைக்கார ஓவியன் ஒருவன் அந்தக் காலத்தில் மால்டாத் தீவின் கடைத்தெருவைப் பார்த்து வரைந்தது. அதை மாஸ்டர் சுவரளவு சீலையில் பெரிதாக்கிப் பின்திரையாகத் தொங்கவிட்டார். அதில் கழுதை, சொறி பிடித்த நாய்போல நின்றது. மத்தியதரைக் கடல் வெந்தயக் குழம்பின் நிறம்.

"நம்ம நமுனுகுல மலைய வரையப்படாதா மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதத்தான் தினம் பாக்கிறாங்களே தம்பி. இங்கயும் வந்து பாக்கணுமா?"

எழுபதுகளில், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ஒரேயடியாகப் போகும் தேயிலைத் தோட்டத்து லயத்துக் குடும்பங்கள் கடைசியாகப் படம் எடுக்க வந்து மால்டாவில் நின்றன.

"குடத்த இடுப்புல வைம்மா. நீ இப்ப மால்டாக்காரி!" என்பார் மாஸ்டர்.

பத்திரிகையை ஓசியில் படிக்க அங்கே போகும் நான், படித்தவன் என்ற திமிரில் அவர்களைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஒருநாள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து செல்லம்மா கைக்குழந்தையோடு வந்தாள். புருஷன் மாரிமுத்து காய்ச்சலில் இறந்து, தோட்டத்திலேயே புதைக்கப்பட்டிருந்தான். அவனுக்கென்று ஒரு படமும் இல்லை. அவளுக்குக் கப்பலேறும் நாள் வந்துவிட்டது.

"அவரையும் சேத்து எடுக்கணுங்க."

"செத்தவர எப்பிடிம்மா எடுக்கிறது? ஆவியா வருவாரா?" என்றேன் நான்.

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. வர்ண டின்னைத் திறந்தார்.

"மூஞ்சி எப்பிடிம்மா இருக்கும்?"

"மூக்கு கோணலுங்க. பல்லு எடுப்பு. லச்சணம் கம்மிதான்."

திரையில் நின்ற மீன்காரனின் தொப்பியை அழித்துத் தலைப்பா கட்டினார். மூக்கை வளைத்தார்.

"இல்லீங்க, இன்னுங் கோணல்."

இன்னும் வளைத்தார். முடிந்தபோது மாரிமுத்துவின் சாயல் இருக்கட்டும், அது மனுஷச் சாயலிலேயே இல்லை.

செல்லம்மா அதன் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனாள்.

"ஏம்மா நகர்றே? வெளிச்சம் இந்தப் பக்கந்தானே!"

"அவருக்கு அந்தக் காது கேக்காதுங்க."

மாஸ்டர் விளக்கை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

அவள் போன பிறகு, "மூக்கு நல்லா வந்திருக்கு மாஸ்டர்" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க தம்பி."

பொய்தான். அவர் இருந்த காலத்தில் அதை இன்னும் நாலு தடவை சொல்லியிருக்கலாம்.