சோதனை சாரும் பயிற்சிப் பட்டமும்

நானூற்றுப் பன்னிரண்டாவது தடவை இழுத்தபோது ஜிப் கையோடு வந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜைமேல் புத்தம்புதுப் பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்குள் இருந்த பட்டம் இன்னும் வெளியுலகத்தையே பார்க்கவில்லை. சோதனை சார் குறிப்பேட்டைத் திறந்து '412 - தோல்வி' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத சாமான் கெட்டுப்போனால் மற்றவர்களுக்கு வயிறு எரியும். இவருக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"என்னங்க சத்தம்?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"ஜிப் போச்சு."

"எந்த ஜிப்?"

"நீ கடல்ல போய்க் கத்துக்கப் போறியே, அந்தப் பட்டத்தோட பை."

"பட்டத்தை இன்னும் பிரிக்கவே இல்லையேங்க?"

"பையே ஐநூறு தாங்கல. பட்டம் எங்கேருந்து தாங்கும்?"

மனைவி எட்டிப் பார்த்தாள். அடுப்பைக் கவனிக்கத் திரும்பிப் போய்விட்டாள். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

சோதனை சார் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். பயணப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில், பெட்டிகளை உடைத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. உயரத்திலிருந்து போடுவார், சக்கரத்தைக் கல்லில் உருட்டுவார், கைப்பிடியை ஆயிரக்கணக்கில் தூக்கி இறக்குவார். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி வாசலைத் தாண்டியது கிடையாது. மூன்று மாதம் முன்பு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையைத்தான் அங்கே விட்டுவிட்டு வந்தார், புத்தியை விட்டுவிட்டு வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவு இரண்டாயிரத்துச் சொச்சம் தடவை திறந்து மூடியதில் தொங்கிப்போனது. குடை ஒன்று, இஸ்திரிப் பெட்டியின் ஒயர் ஒன்று. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலிகள் இருந்தன. பின்கால் இரண்டில் மட்டும் சாய்ந்து சாய்ந்து எழுந்து பார்த்ததில் முதல் மாதம் மூன்று போயின, அடுத்த மாதம் ஒன்று.

இப்படியிருக்கும்போதுதான் மனைவி ஒருநாள் சாவகாசமாகச் சொன்னாள், தான் கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போவதாக. பெரிய பட்டத்தைக் காற்று இழுக்க, அதைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நின்று கடலில் சறுக்குகிற விளையாட்டு. முதலில் கரையில் சின்னப் பயிற்சிப் பட்டத்தை வைத்துப் பழக வேண்டுமாம். "எனக்கு இதெல்லாம் தெரியாது. நல்லா உழைக்கிற பட்டமா நீங்களே பாத்து வாங்குங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் தண்ணியில கால் வைப்பேன்," என்று பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டாள்.

சோதனை சார் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததே இல்லை. அலையைப் பார்த்தாலே நாலடி பின்னால் போய்விடுவார். அந்த அலைக்குள் இவளா? 'வேண்டாம்' என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். பயம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் பட்டம் தேறவில்லை என்றால் யாரும் எதுவும் கேட்க முடியாது. உலகத்தில் உள்ள பட்டம் அத்தனையும் தோற்க வேண்டும், அவள் கரையிலேயே இருக்க வேண்டும். அவருடைய வேண்டுதல் அவ்வளவுதான்.

இருந்தாலும் பட்டத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் பையில் போட்டு மூட வேண்டுமே. குறடை எடுத்து ஜிப்பை மாட்டிப் பார்த்தார். பல்வரிசை பாதி கையோடு வந்தது. சரி, பட்டத்தை வெளியே எடுத்துவிட்டு நிதானமாகச் சரிசெய்யலாம் என்று எடுத்தார். எடுத்தபிறகு அது உள்ளே போக மாட்டேன் என்றது. குச்சியோ சட்டமோ இல்லாத வெறும் துணி. காற்றுப் புகுந்தால் உப்பிக்கொள்ளும்படி வரிசையாக அறைகள் வைத்துத் தைத்தது. எப்படி மடித்தாலும் ஒரு மூலை வெளியே எட்டிப் பார்த்தது. கூடத்தில் முழுசாக விரித்து மடிக்கலாம் என்று விரித்தார். வேர்த்தது. மேஜை மின்விசிறியைப் போட்டார்.

அதுதான் தப்பு.

பட்டம் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தது. திரைச்சீலையைக் கட்டிப் பிடித்தது. அவர் நூலைப் பிடித்து இழுத்தார். திரைச்சீலைக் கம்பி கழன்று வந்து சுவர்க் கடிகாரத்தைத் தள்ளியது. கடிகாரம் மின்விசிறிமேல் விழுந்தது. மின்விசிறி நின்றதும் பட்டம் சாதுவாக வந்து அவர் தலையை மூடிக்கொண்டது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல," என்றது பட்டம்.

மறுநாள் காலை, பட்டத்தைப் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கடற்கரைக் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண்ணே பயிற்சியும் சொல்லிக்கொடுப்பவள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த, எதற்கும் அசராத பெண். மூட்டையைப் பிரித்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள்.

"ஒரு கீறல்கூட இல்லையே சார்."

"ஜிப்பு?"

"பை பறக்காது சார். பட்டம்தான் பறக்கும்."

"விசிறிக் காத்துக்கே கட்டுக்கு அடங்கல."

"கூடத்துக்குள்ள யாரு சார் பட்டம் விடுவாங்க? நேத்து வாங்கும்போது சொன்னீங்களே, உங்க தொழிற்சாலைப் பெட்டி, அதை அடுப்புல வச்சா சோதிப்பீங்க?"

சோதனை சாருக்குச் சுருக்கென்றது. எந்தச் சாமானையும் அதற்குரிய வேலையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். தப்பை மறைக்க வேறு குற்றம் தேடினார்.

"அளவும் எனக்குச் சரியாப் படல. மூணு சதுர மீட்டர் பெரிசு இல்லையா? ஆளோட எடையைக் கேக்காமலே எடுத்துக் குடுத்துட்டீங்க."

"எடையெல்லாம் அம்மா ஃபாரத்துல எழுதிக் குடுத்திருக்காங்க சார். அதுக்குச் சரியான அளவுதான்." அவள் பட்டத்தை அழகாக நாலு மடிப்பில் சுருட்டினாள். "ஒண்ணு பண்ணலாம். அஞ்சு நாள் இங்க வாங்க. முறையாப் பறக்கவிட்டுச் சோதிங்க, நான் கூட நிக்கறேன். கிழிஞ்சா அம்மாவோட பயிற்சியையே ரத்து பண்ணிடறேன். ஓட்டைப் பட்டத்தை நம்பி யாரையும் நான் தண்ணியில விடமாட்டேன்."

கரும்பு தின்னக் கூலியா? சோதனை சார் அங்கேயே தலையாட்டிவிட்டார்.

முதல் நாள் பட்டத்தை முப்பத்தெட்டு தடவை மணலில் தலைகுப்புற விழவைத்தார். 'பட்டம்: சேதமில்லை. சோதிப்பவர்: இடது முழங்கால்' என்று குறிப்பேட்டில் ஏறியது. மனைவி கொஞ்ச தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"நீயும் கொஞ்சம் பிடிச்சுப் பாக்கறதுதானே?"

"நீங்க பாஸ் பண்ணாத சாமானை நான் என்னைக்காவது தொட்டிருக்கேனா?" என்று பக்கத்தைப் புரட்டினாள்.

இரண்டாம் நாள் நூல் உயிர்காப்பாளரின் உயரமான மேடைக் காலில் சுற்றிக்கொண்டது. பிரிக்கப் போய் இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். மேலே இருந்த உயிர்காப்பாளர் இறங்கி வந்து, இவரையும் மேடையையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். நூல் அறுந்துபோகவில்லை. சோதனை சாருக்குக் கோபம் வந்தது.

"இன்னும் பலமா விழணும்," என்றார் கடைக்காரப் பெண்ணிடம். "அதுக்கு என்ன வழி?"

"பலமா விழணும்னா வேகமா வரணும் சார். உங்களுக்கு முன்னாடி ஒரு பெரிய கடிகாரம் நிக்கறதா நினைச்சுக்குங்க. தலைக்கு நேர் மேல பன்னெண்டு மணி. பட்டத்தைப் பத்து மணிக்குக் கொண்டுபோய், அங்கேருந்து ரெண்டு மணிக்குச் சரேல்னு இழுங்க."

இழுத்தார். பட்டம் விழவில்லை. இவரைத்தான் ஆறடி தூரம் ஓடவைத்தது. மறுபடி இழுத்தார். மூன்றாம் நாள் முழுக்க இழுத்தார். விழவைக்க வேண்டுமென்றே எட்டுப் போடக் கற்றுக்கொண்டார், ஒற்றைக் கையால் திருப்பக் கற்றுக்கொண்டார். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்த பட்டம் கீழே விழ மறந்துபோயிற்று. சாயங்காலம் வீட்டுக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து பார்க்கத் தோன்றவில்லை. சாப்பிட்டதும் தூங்கிவிட்டார்.

நாலாம் நாள் குறிப்பேட்டில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. 'தண்ணீரில் விழுந்தால்?'

"இடுப்பளவு தண்ணியில நின்னுதான் அதைப் பாக்க முடியும் சார்," என்றாள் கடைக்காரப் பெண்.

"கரையில நின்னே தண்ணியில போட்டா?"

"அது முறையான சோதனையா சார்?"

அந்த வார்த்தை போதும், செருப்பைக் கழற்றினார். மனைவிக்கென்று கடையில் எடுத்து வைத்திருந்த மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அவருக்கென்றே தைத்தது போல் கச்சிதமாக இருந்தது. அவளுக்கு இது தொளதொள என்று இருக்குமே என்று ஒரு கணம் நினைத்தார். அடுத்த கணம் முதல் அலை முழங்காலைத் தொட்டது, நினைப்பெல்லாம் பறந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தது. ஒவ்வொரு அடியாக வைத்து இடுப்பளவு வந்து சேர்ந்தார்.

பட்டத்தைத் தண்ணீரில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். பன்னிரண்டாவது தடவை மேலே கிளப்பியபோது, காற்று அவரைத் தண்ணீர்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போனது. முகத்தில் உப்புத் தண்ணீர் அடித்தது. அவர் கத்தினார். கரையில் இருந்தவர்களுக்கு அது பயக் கத்தலாகத்தான் கேட்டது. அது சிரிப்பு என்று அவருக்கே கரைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாளும் பட்டம் தேறியது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் குறிப்பேட்டை விரித்துவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எல்லாக் கட்டத்திலும் 'சேதமில்லை' என்று அவர் கையெழுத்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருடத்தில் தேறின சாமானைத் தேறவில்லை என்று அவர் எழுதியதில்லை. எதிர் நாற்காலியில் மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"என்ன முடிவு?"

"பட்டம் நல்ல பட்டம்." குறிப்பேட்டை அவள் பக்கம் திருப்பிவைத்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். அது தோத்துப்போகணும்னுதான் நான் பாத்தேன். நீ தண்ணிக்குள்ள போறது எனக்குப் பயமா இருக்கு. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?"

மனைவி அவர் கைமேல் கை வைத்தாள். "இப்பவும் தண்ணின்னா பயமா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை.

"எனக்காக இல்ல. உனக்காகத்தான்."

"அப்ப கையெழுத்துப் போடுங்க," என்றாள் மெதுவாக.

போட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி நாள். காற்று இதமாக இருந்தது. மனைவி சாவகாசமாக நடந்து போய் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தில் விட்ட பக்கத்தைத் தேடினாள். சோதனை சாருக்குக் கால் நிலைகொள்ளவில்லை. பட்டத்தையும் மிதவைச் சட்டையையும் தூக்கிக்கொண்டு கடைக்காரப் பெண்ணிடம் ஓடினார்.

"பட்டம் ரெடி. அவளை எங்க நிக்கச் சொல்லணும்? முதல் பாடத்திலேயே ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. பக்கத்துலயே நான் நிப்பேன். கேட்டீங்களா?"

"முதல் பாடமா? அஞ்சு பாடம் முடிஞ்சாச்சே சார். இன்னைக்குப் பலகை," என்று சொல்லிவிட்டு அவள் கோப்பிலிருந்து ஒரு ஃபாரத்தை உருவி நீட்டினாள்.

மனைவியின் கையெழுத்துதான், சந்தேகமில்லை. ஆனால் மேலே, பயிற்சி பெறுபவர் என்ற இடத்தில் இருந்தது இவர் பெயர். வயது அறுபது. எடை எண்பத்திரண்டு கிலோ. சோதனை சார் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். மனைவி புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது.

"ஏன்? எனக்கு எதுக்கு இது?" என்றார்.

"அதையும் எழுதியிருக்காங்க சார்," என்று கடைக்காரப் பெண் கடைசி வரியில் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள்: "'பயிற்சியில் சேரும் காரணம்: வீட்டில் இன்னும் இரண்டு நாற்காலிதான் மிச்சம்.'"