அப்பாவைச் சாகடித்த ஆங்கிலக் கட்டுரை

என் அப்பா கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருக்கும்போதே, எட்டாம் வகுப்பில் அவரைச் சாகடித்தவள் நான். அதற்கு ஒரு பக்க ஆங்கிலக் கட்டுரை போதுமானதாக இருந்தது.

அப்பாவுக்கு சிங்காநல்லூரில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. ஆங்கிலம் தெரியாது. அதனாலேயே என் ஆங்கில நோட்டின் மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. கையில் கிரீஸ் இருந்தால் தொடமாட்டார். எனக்கும் ஆங்கிலம் தெரியாது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒருநாள் எங்கள் ஆங்கில மிஸ், 'என்னால் மறக்க முடியாத மனிதர்' என்று கட்டுரை எழுதி வரச் சொன்னார். "நீங்களே பேசற மாதிரி, நான், எனக்குன்னு எழுதணும். சொந்தமா இருக்கணும்."

சொந்தமாக எழுதுவதென்றால் எங்கள் வகுப்பில் கைடைப் பார்த்து எழுதுவது. ஆனால் நாற்பது பேரும் ஒரே கைடைப் பார்த்தால் மாட்டிக்கொள்வோமே. (எனக்கு அந்த வயதிலேயே மூளை ஜாஸ்தி.) சித்தி மகளிடமிருந்து வேறு ஒரு பழைய கைடை வாங்கி வந்தேன். அதில் கட்டுரை தயாராக இருந்தது: "என் அப்பா போன குளிர்காலத்தில் இறந்துபோனார்." சிங்காநல்லூரில் ஏது குளிர்காலம் என்று யோசித்து, அதை மட்டும் 'போன மாதம்' என்று மாற்றினேன். என் சொந்தச் சரக்கு அந்த ஒரு வார்த்தைதான்.

பொய் எழுதுகிறோம் என்று துளிகூட எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் வரும் 'நான்' நானல்ல என்றுதான் நம்பியிருந்தேன். அந்த 'நான்' ஞாயிறானால் கடற்கரைக்குப் போகும். அதற்கு லண்டனில் மாமா இருப்பார். அதன் அப்பா செத்தால் எனக்கென்ன வந்தது?

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மிஸ் என் தலையைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. "சொல்லவே இல்லியே கண்ணு. விசாரிக்காம இருந்தா தப்பு. ஞாயித்துக்கெழம நானும் ஹெச்.எம்.மும் வீட்டுக்கு வர்றோம்."

அப்போதுதான் நான் எழுதியது எனக்கே புரிந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். துக்கம் விசாரிக்கப் போகாவிட்டால் மன்னிக்கவே மாட்டார்கள். வந்தே தீருவார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் ஸ்டாஃப் ரூம் வாசல்வரை போனேன். மூன்று நாளும் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார் என்பதுகூடப் பெரிதில்லை. அந்த நோட்டை இனிமேல் அவர் எப்படித் தொடுவார் என்பதுதான் பயம்.

கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். "அப்பா, ஞாயித்துக்கெழம அவிநாசி கோயிலுக்குப் போய்ட்டு வாங்களேன்."

"போலாம் அம்மணி. எல்லாருமா அடுத்த வாரம் போலாம். இந்த வாரம் அப்பாவுக்கு ஊட்லயே இருக்கோணும்னு இருக்குது."

(சாக வேண்டியவர் அசைவேனா என்கிறார்.)

ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மிஸ்ஸுக்கு வெளிர் நிறப் புடவை, தலையில் பூ இல்லை. மிஸ் நேராக அம்மாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோங்க" என்றார். அம்மா நான் பரீட்சையில் ஃபெயில் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா அழுததும் மிஸ் அழுதார். நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒளிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா டீ டம்ளர்களோடு வந்தார். ஹெச்.எம். அவரிடம், "பெரியப்பாங்களா? இனி நீங்கதாங்க இந்தப் புள்ளைக்கு அப்பா ஸ்தானத்துல இருந்து பாத்துக்கணும்" என்றார்.

அப்பா குழம்பிப்போய்ச் சொன்னார்: "ஏனுங்க, இப்பவே அவளோட அப்பன் நாந்தானுங்களே."

பிறகு என் பையிலிருந்து நோட்டு வந்தது. மிஸ் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அப்பா எவ்வளவு நல்லவர், எப்படி உழைத்தார், ஒருநாள்கூட அதை அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அம்மா என்னைச் சாத்தச் சீமாறைத் தேடிப் பின்கட்டுக்குப் போனார். அப்பா மட்டும் கடைசிவரை அசையாமல் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், இத்தன நல்லதும் நாஞ் செத்தாத்தானுங்களா?"

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அப்பா இடுக்குக்குள் கையை விட்டு என்னை வெளியே இழுத்தார். அடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "மார்க்கு எத்தன?" என்றார்.

"பத்துக்கு ஒம்பதுங்க" என்றார் மிஸ், எனக்குப் பதிலாக.

துக்க வீட்டில் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்பும்போது மிஸ் வாசலில் நின்று, சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். "சும்மா சொல்லுங்க டீச்சர், எனக்கொன்னும் ஆகாது" என்றார் அப்பா.

இன்று நான் பத்திரிகைகளில் எழுதுகிறேன். கட்டுரை எழுதியிருக்கிறேன் என்று போனில் சொன்னால் போதும், அப்பா கேட்பது ஒரே கேள்வி: "அதுல நா இருக்கறனா, போயிட்டனா?" அவருடைய மாப்பிள்ளை முதல் பேரக்குழந்தைகள் வரை எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவருக்கு எழுபது தாண்டிய பிறகு எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

இதை முடித்துவிட்டு நேற்றுக் கூப்பிட்டேன். கேட்டார்.

"இருக்கீங்கப்பா. கடைசி வரி வரைக்கும் இருக்கீங்க."

"அப்பச் சரி, அனுப்பிப்போடு கண்ணு."